மடலின் முத்திரையும் பெறுவோரின் இசைவும்



ஒரு மடல் நம் கைக்கு வரும்போது நாம் நம்மை அறியாமலே இரண்டு கேள்விகளைக் கேட்கின்றோம். இதனை எழுதியவர் யார் என்பது முதற் கேள்வி. இவர் நமக்கு எழுதுவதற்கு நாம் இசைந்தோமா என்பது இரண்டாவது கேள்வி. அரசர் தம் ஓலைக்கு இலச்சினை பொறித்ததும், கடித மடிப்பின்மேல் அரக்கை உருக்கி வார்த்து மோதிரத்தைப் பதித்ததும் முதற் கேள்விக்கு விடையாக எழுந்த வழக்கங்கள். வேண்டாத கடிதத்தைப் பிரிக்காமலே தபாற்காரரிடம் திருப்பிக் கொடுத்தது இரண்டாவது கேள்விக்கு மக்கள் கண்ட விடை. மின்னஞ்சலோ இவ்விரு கேள்விகளுக்கும் விடை இல்லாமலே பிறந்தது. பிறந்தபின் அரை நூற்றாண்டாக அவ்விடைகளைத் தேடித் தேடி, பல இழப்புகளுக்குப் பின்னர் ஓரளவு கண்டது. அத்தேடலின் கதையே இன்றைய பேச்சின் பொருள். மின்னஞ்சல் வழியாகத் தம் பொருளை விளம்பரஞ் செய்யும் வணிகர்க்கும், அதனைப் பெறும் நம்மனோர்க்கும் இக்கதையில் அறியத்தக்கன பல உள.

முதலில் பழைய தபால் முறையைச் சற்றே நோக்குவோம். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிரித்தானியாவில் கடிதத்துக்குரிய கட்டணத்தைப் பெரும்பாலும் பெறுபவரே செலுத்தினார். கட்டணம் மிகுதி, ஆதலின் ஏழைகள் பலர் கடிதத்தை வாங்க மறுத்தனர். உறையின் புறத்தே இரகசியக் குறி இட்டுச் செய்தியை உணர்த்திவிட்டு, கடிதத்தைக் காசின்றித் திருப்பிய தந்திரக்காரரும் இருந்தனர். இம்முறையின் கேட்டினை ஆராய்ந்த ரோலண்ட் ஹில் என்பவர் 1837இல் ஒரு சிறு நூல் எழுதினார். அனுப்புபவரே முன்கூட்டிக் குறைந்த கட்டணம் செலுத்த வேண்டும் என்பது அவர் கருத்து. 1840ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள் ஒரு பென்னித் தபால் முறை நடைமுறைக்கு வந்தது. மே மாதத்தில் உலகின் முதல் ஒட்டுமுத்திரை வெளியாயிற்று. 1839இல் ஏறத்தாழ 7 கோடியே 60 இலட்சமாயிருந்த கடிதத் தொகை, அடுத்த ஆண்டிலேயே ஏறத்தாழ 16 கோடியே 90 இலட்சமாகப் பெருகிற்று.

இச்சீர்திருத்தத்தில் மறைந்திருந்த மற்றொரு நன்மையும் உண்டு. எழுதுபவர் காசு கொடுக்கின்றார் என்றால், எழுதுமுன் ஒருமுறை சிந்திப்பார். ஆயிரம் பேருக்கு விளம்பரம் அனுப்ப விரும்பும் வணிகர், ஆயிரம் முத்திரைகளின் விலையையும் கணக்கிடுவார். அக்கணக்கு ஒரு வேலியாய் நின்று வீட்டு வாசலைக் காத்தது. மின்னஞ்சல் இந்த வேலியைப் பிடுங்கிவிட்டது. ஒருவருக்கு எழுதும் செலவும் ஓரிலட்சம் பேருக்கு எழுதும் செலவும் ஏறத்தாழ ஒன்றாயின. பெறுபவரோ தம் நேரத்தையும் கவனத்தையும் கட்டணமாகச் செலுத்துபவர் ஆனார். ஹில் மாற்றிய சுமை மீண்டும் பெறுபவர் தோளிலேயே ஏறியது எனலாம்.

1971ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில், றே ரொம்லின்சன் என்னும் பொறியியலாளர் ஒரு கணனியிலிருந்து மற்றொரு கணனிக்கு மடல் செல்லும் வழியை அமைத்தார். ஆளின் பெயரையும் கணனியின் பெயரையும் பிரிக்க அவர் தெரிந்தெடுத்த சுழிக்குறியே இன்றுவரை மின்னஞ்சல் முகவரியின் நடுவே நிற்கின்றது. அக்காலத்தில் அவ்வலையில் இருந்தோர் பல்கலைக்கழகத்தாரும் ஆராய்ச்சியாளருமே. ஒருவரையொருவர் அறிந்த சிற்றூரில் கதவுக்குத் தாழ்ப்பாள் எதற்கு? ஆயினும் தொலைநோக்குடையார் சிலர் அன்றே ஐயுற்றனர். 1975இல் யொன் போஸ்ரெல் என்பவர் எழுதிய சிறு குறிப்பொன்று, தவறாக நடக்கும் கணனி ஒன்று வேண்டாத செய்திகளைக் கொட்டினால் அதனை மட்டும் மறுத்துத் தள்ளுதற்கு வழியில்லையே என்று எடுத்துக் காட்டியது.

மூன்று ஆண்டுகள் செல்லவில்லை. அந்த ஐயம் மெய்யாயிற்று. 1978ஆம் ஆண்டு மே மாதத்தில், டிஜிற்றல் எக்குயிப்மென்ற் என்னும் கணனி நிறுவனத்தின் விற்பனைத் துறையைச் சேர்ந்த கறி துவெர்க், புதிய கணனிகளின் காட்சிக்கு வருமாறு ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே மடலை அனுப்பினார். முகவரிகள் அச்சிட்ட பெயரேட்டிலிருந்து எடுக்கப்பட்டவை. தலைப்பில் அடங்காத முகவரிகள் கடிதத்தின் உள்ளேயே வழிந்தோடின. பெற்றவர் பலர் சினந்தனர். வலையை மேற்பார்த்த இராணுவத் தொடர்பு அலுவலகம் கண்டித்தது. அனுப்பியவரோ தம் நிறுவனத்துக்கு அதனால் நல்ல விற்பனை கிடைத்தது என்று பிற்காலத்தில் கூறினார். கண்டனமும் இலாபமும் ஒரே மடலில் ஒருங்கே பிறந்தன. இலாபம் இருந்த காரணத்தால் கண்டனம் மட்டும் இத்தொல்லையைத் தடுக்கப் போதவில்லை.

1982ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் அதே போஸ்ரெல் மின்னஞ்சல் செல்லும் ஒழுங்கை வரையறுத்து வெளியிட்டார். எளிமையே அதன் சிறப்பு. ஒரு கணனி மற்றொன்றை அழைத்து, இன்னாரிடமிருந்து மடல் கொணர்ந்தேன் என்று கூறும், மற்றது ஏற்றுக்கொள்ளும். அந்த இன்னார் மெய்யாகவே இன்னார்தானா என்று வினவும் ஏற்பாடு அதில் இல்லை. தபாற்பெட்டியில் போடும் கடிதத்தின் பின்புறத்தில் யாரும் யார் பெயரையும் எழுதலாம் அன்றோ? அதைப் போன்றதே இதுவும். நல்லோர் நடுவே இந்த எளிமை மின்னஞ்சலை உலகெங்கும் பரப்பியது. பொய்யர்க்கும் அதே வாயில் திறந்தே கிடந்தது.

1990களில் இணையம் வணிகர்க்குத் திறந்து விடப்பட்டது. அழையா மடல்கள் வெள்ளம்போல் வந்தன. அவற்றுக்கு ஸ்பாம் என்னும் பெயரும் வழங்கலாயிற்று. அது 1937இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த தகரத்தில் அடைத்த இறைச்சி ஒன்றின் பெயர். 1970இல் பிரித்தானியத் தொலைக்காட்சியில் மொன்ரி பைதன் குழுவினர் நடித்த நகைச்சுவைக் காட்சியொன்றில் அச்சொல் ஓயாது ஒலித்து ஏனைய பேச்சை எல்லாம் மூழ்கடித்தது. வேண்டிய மடலை வேண்டாத மடல் மூழ்கடிக்கும் நிலைக்கு அப்பெயர் பொருந்திற்று.

அக்காலத்து வழக்கு ஒன்று நாம் தொடங்கிய இரு கேள்விகளையும் ஒருங்கே நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றது. ஒகாயோ மாநிலத்தில் இருந்த கொம்பியூசேர்வ் என்னும் நிறுவனம், சைபர் புரொமோஷன்ஸ் என்னும் விளம்பர நிறுவனத்தை எதிர்த்து வழக்காடியது. நிறுத்துமாறு கேட்டும் நிறுத்தாமல் மடல்கள் வந்தன. அவை எங்கிருந்து வந்தன என்னும் விவரமும் மறைக்கப்பட்டிருந்தது. 1997இல் நீதிமன்றம் இதனைப் பிறர் உடைமையில் அத்துமீறி நுழையும் செயலுக்கு ஒப்பாகக் கருதித் தடை விதித்தது. இதற்கு முன்னரே, 1970இல், தாள் கடிதங்களைப் பற்றிய வழக்கொன்றில் அமெரிக்க உயர் நீதிமன்றம், வேண்டாமென்று வீட்டுக்காரர் சொன்னபின் விளம்பரகாரர் அவ்வீட்டுக்கு அனுப்பும் உரிமை முடிந்துவிடுகின்றது என்று தீர்த்திருந்தது. பேசும் உரிமை பெரிது. கேட்க மறுக்கும் உரிமையும் அதனிற் சிறிதன்று என்பது அத்தீர்ப்பின் சாரம்.

நீதிமன்றங்கள் மெல்ல நடந்தன. கணனிக் காவலரோ விரைந்தனர். போல் விக்சி என்பவரும் அவர் தோழரும் 1997 அளவில், குப்பை மடல் அனுப்பும் கணனிகளின் பட்டியலைத் தொகுத்து, அதனைப் பார்த்து மடல்களை மறுக்கும் முறையை உண்டாக்கினர். 1998இல் ஸ்பாம்ஹவுஸ் என்னும் அமைப்பு இலண்டனில் தோன்றிற்று. 2002இல் போல் கிரஹாம் என்னும் கணனி அறிஞர், மடலிலுள்ள சொற்களை எண்ணி, அது குப்பையாக இருக்கக்கூடிய வாய்ப்பைக் கணிக்கும் வடிகட்டி பற்றி எழுதினார். இவையெல்லாம் பயன் தந்தன. ஆயினும் வடிகட்டி கடுமையானால் நல்ல மடலும் உடன் போகும். தளர்த்தினால் கள்ள மடலும் உள்ளே வரும். வைத்தியசாலையின் அழைப்பும், வங்கியின் எச்சரிக்கையும், வேலை கிடைத்த செய்தியும் குப்பைப் பெட்டியுட் புதையக்கூடும் என்ற அச்சம் நியாயமானதே.

இந்நிலையில் நேர்மையான வணிகர் என் செய்வர்? 1999இல் சேத் கோடின் என்னும் எழுத்தாளர், இசைவு பெற்றுச் செய்யும் விற்பனை என்னும் கருத்தை ஒரு நூலாக விரித்தார். மடலை எதிர்பார்ப்பவர்க்கு, அவர்க்குப் பொருந்துவதை அனுப்புவதே நிலைத்த வாணிபம் என்பது அவர் கொள்கை. இசைவைப் பெறுவதில் ஒரு நுட்பமும் வழக்கத்துக்கு வந்தது. ஒருவர் தம் முகவரியைப் பதிந்தவுடன் விளம்பரம் அனுப்பாமல், மெய்யாகவே நீரோ பதிந்தது என்று வினவும் ஒரேயொரு மடலை அனுப்புதல்; அவர் ஆம் என்று உறுதி சொன்ன பின்னரே பட்டியலிற் சேர்த்தல். இதனால் பட்டியல் சிறிதாகும் என்பது உண்மை. ஆயினும் அதில் இருப்போர் அனைவரும் கதவைத் தாமே திறந்தவர்கள்.

சட்டங்களும் பின் தொடர்ந்தன. அவை இரு வழிகளாகப் பிரிந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் இயற்றிய விதி, விளம்பர மடலுக்கு முன்கூட்டியே இசைவு வேண்டும் என்றது. முன்னமே தம்மிடம் வாங்கியவர்க்கு, அதையொத்த பொருள்களைப் பற்றி எழுத மட்டும் சில நிபந்தனைகளோடு இடங்கொடுத்தது. ஐக்கிய அமெரிக்கா 2003 டிசம்பரில் இயற்றிய சட்டமோ முதலில் எழுதலாம் என்றது. ஆனால் அனுப்புவோர் விவரம் பொய்யாதல் கூடாது, மெய்யான தபால் முகவரி மடலில் இருக்க வேண்டும், வேண்டாம் என்றவரை 10 வேலை நாட்களுக்குள் நீக்க வேண்டும் என விதித்தது. கனடாவின் சட்டம் 2014 யூலை முதலாம் நாள் நடைமுறைக்கு வந்தது. அது இசைவே முதற்படி என்னும் கட்சியைச் சேர்ந்தது. கேட்டபின் கதவைத் தட்டு என்பது ஒரு நெறி. போ என்றால் போய்விடு என்பது மற்றொரு நெறி.

எனினும் பெயரையே பொய்யாகச் சொல்பவனைச் சட்டம் எங்ஙனம் பிடிக்கும்? 2004 சனவரியில் பில் கேற்ஸ், இரண்டு ஆண்டுகளுக்குள் குப்பை மடல் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று டாவோஸ் மாநாட்டில் கூறினார். அது நடந்தேறவில்லை. ஆயினும் அந்த ஆண்டுகளிலேதான் மடலுக்குப் புதிய முத்திரைகள் செய்யப்பட்டன. அவை மூன்று. அவற்றைச் சற்று விளக்குதல் நன்று.

மின்னஞ்சலுக்கும் உறை ஒன்று உண்டு. உள்ளே கடிதத் தலைப்பு ஒன்று உண்டு. உறையின்மேல் உள்ள பெயரைக் கணனிகள் மட்டுமே காண்கின்றன. உள்ளே தலைப்பில் உள்ள பெயரையே நாம் காண்கின்றோம். அதனோடு, டி.என்.எஸ். என்னும் உலகப் பெயரேடு ஒன்று 1983 முதல் இருந்து வருகின்றது. ஓர் இணையப்பெயருக்கு உரியவர் மட்டுமே அப்பெயரேட்டில் தம் பெயருக்கு நேரே குறிப்பு எழுத முடியும். பொய்யன் பிறர் பெயரை மடலில் எழுதலாம். பிறர் ஏட்டில் எழுத இயலாது. மூன்று முத்திரைகளும் இந்த ஒரு வேற்றுமையின் மேலேயே நிற்கின்றன.

முதலாவது எஸ்.பி.எஃப். எனப்படும். என் பெயரால் மடல் கொண்டுவர உரிமையுள்ள கணனிகள் இவை என்று உரியவர் பெயரேட்டில் எழுதி வைப்பார். பெறும் கணனி, உறையிலுள்ள பெயரை அப்பட்டியலோடு ஒப்பிடும். மெங் வெங் வொங் என்பவர் முன்னோடிகளின் கருத்துகளை இணைத்து இதனை வளர்த்தார்; 2006இல் ஆவணமாக வெளியாயிற்று. ஆனால் ஒருவர் தமக்கு வந்த மடலை வேறொரு முகவரிக்குத் திருப்பிவிட்டால், கொண்டு வரும் கணனி மாறிவிடுதலால் இச்சோதனை தவறிப்போகும்.

இரண்டாவது டீகிம். இது பழைய அரக்கு முத்திரையின் வாரிசு. அனுப்பும் நிறுவனம் தன்னிடமுள்ள இரகசியத் திறவுகோலால் மடலுக்குக் கணித முத்திரை இடும். பெயரேட்டில் உள்ள பகிரங்கத் திறவுகோலைக் கொண்டு யாரும் அதனைச் சோதிக்கலாம். முத்திரை இட்ட பகுதியில் ஓர் எழுத்து மாறினும் சோதனை தவறக்கூடும். யாகூ நிறுவனத்தில் மார்க் டிலானி வகுத்த முறையும், சிஸ்கோ நிறுவனத்தார் வகுத்த முறையும் ஒன்றாகி 2007இல் இது வெளிவந்தது.

மூன்றாவது டீமார்க். 2012 சனவரியில் பேபால், கூகிள், மைக்ரோசொப்ட், யாகூ முதலிய நிறுவனங்கள் கூடி இதனை அறிவித்தன, 2015இல் ஆவணமாயிற்று. முன்னைய இரண்டும் சரியாயிருப்பினும், நாம் காணும் தலைப்புப் பெயர் வேறாயிருக்கலாம் அன்றோ? அந்த ஓட்டையை இது அடைத்தது. சோதித்த பெயரும் காட்டும் பெயரும் ஒத்திருக்க வேண்டும். ஒவ்வாவிடில் என் செய்வது என்பதை உரியவரே கூறலாம். பேசாமல் விடு, ஐயத்துக்குரியதாக ஒதுக்கு, ஏற்க மறு என மூன்று கட்டளைகள் உண்டு. தம் பெயரால் யார் யார் மடல் விடுக்கின்றனர் என்னும் அறிக்கையும் உரியவர்க்கு வந்து சேரும். 2017 ஒக்டோபரில் அமெரிக்க அரசு தன் திணைக்களங்கள் ஓராண்டுக்குள் ஏற்க மறுக்கும் கட்டளையை மேற்கொள்ள வேண்டும் எனப் பணித்தது.

பூட்டு வலிதானால் வீட்டுக்காரரும் வெளியே நிற்க நேரும். 2014 ஏப்பிரலில் யாகூ நிறுவனம் தன் பெயரால் வரும் ஐயத்துக்குரிய மடல்களை மறுக்குமாறு அறிவித்தது. பொய்யர் பலர் தடுக்கப்பட்டனர். ஆனால் சங்கங்களும் கல்விக் குழுக்களும் உறுப்பினரின் மடலை ஏனையோர்க்குப் பகிர்ந்தளித்து வந்த பொதுப் பட்டியல்களில், யாகூ முகவரியோடு எழுதிய குற்றமற்றோரின் மடல்களும் திரும்பி வந்தன. நடுவில் நின்ற கணனி மடலைச் சிறிது மாற்றியதே காரணம்.

இனி வணிகர்க்கு உரியதைக் கூறுவோம். முத்திரை இட்டுவிட்டோம், மடல் வரவுப் பெட்டியிற் சென்று சேரும் என்று எண்ணுதல் பிழை. குப்பை மடல் விடுப்போரும் தம் சொந்தப் பெயரைப் பதிந்து, இம்முத்திரைகளை ஒழுங்காக இடக் கற்றுக்கொண்டனர். முத்திரை ஒருவர் பெயரைச் சொல்லும். அவர் குணத்தைச் சொல்லாது. குணத்தை அறிவிப்பது நடத்தையே. பெறுவோர் எத்தனை பேர் குப்பை என்று முறையிட்டனர், கைவிடப்பட்ட முகவரிகளுக்கு எத்துணை மடல் போகின்றது, நேற்றுத் தோன்றிய பெயரிலிருந்து இன்று திடீரென இலட்சம் மடல்கள் புறப்படுகின்றனவா என்பனவற்றைப் பெறும் நிறுவனங்கள் கணக்கு வைக்கின்றன. விலைக்கு வாங்கிய முகவரிப் பட்டியலில் யாரும் பயன்படுத்தாத பொறி முகவரிகளும் கலந்திருக்கும். அவற்றுக்கு எழுதியவர் தம் குற்றத்தைத் தாமே அறிவித்தவராவார்.

இவ்விரு நெறிகளும் 2024இல் ஒன்றாயின. முந்தின ஆண்டு ஒக்டோபரில் அறிவித்தபடி, அவ்வாண்டு பெப்ரவரி தொடக்கம் கூகிளும் யாகூவும், பெருந்தொகையாக மடல் விடுப்போர்க்குப் புதிய நிபந்தனைகளை விதித்தன. நாளொன்றுக்கு 5,000 மடல்களும் அதற்கு மேலும் என்பது கூகிள் வரைந்த எல்லை. அத்தகையோர் மூன்று முத்திரைகளையும் இட வேண்டும். விளம்பர மடலில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி வைக்க வேண்டும். விலகியவரை இரண்டு நாட்களுக்குள் நீக்க வேண்டும். குப்பை என்னும் முறைப்பாடு 0.3 சதவீதத்துக்குக் கீழ் இருக்க வேண்டும். ஆயிரம் மடலுக்கு மூன்று முறைப்பாடு என்பதே அவ்வெல்லை. மைக்ரோசொப்ட் நிறுவனமும் 2025 மே மாதத்தில் அதே 5,000 என்னும் எல்லையை வைத்து முத்திரைகளைக் கட்டாயமாக்கியது. இசைவின்றி அனுப்பும் வழக்கத்தை அறிவுரையால் நிறுத்த முடியாமலிருந்தது. இப்போது அது கணக்கால் கட்டுண்டது. விலகும் வழியை மறைத்து வைப்பவர் தமக்கே குழி தோண்டுகின்றார். விலக வழி காணாதவர் குப்பை என்னும் பொத்தானை அன்றோ அழுத்துவார்! விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் முதுமொழி. அளவறிந்து வருபவர்க்கே கதவு மறுமுறையும் திறக்கும்.

இதன் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. மின்னஞ்சல் பிறந்த காலத்தில் அது ஒருவர்க்கும் தனியுடைமை அன்று. யாரும் யார்க்கும் எழுதலாம். இன்று உலகின் மடல்களில் பெரும்பகுதி சில நிறுவனங்களின் வாயில்களைக் கடந்தே செல்ல வேண்டியுள்ளது. அவற்றின் கணிப்பு முறை முழுவதும் வெளியார்க்குத் தெரியாது. சிறு அச்சகத்தாரோ, கிராமத்துக் கூட்டுறவுச் சங்கமோ நேர்மையாக எழுதியும் மடல் சேராதவிடத்து, முறையிடுவதற்கு ஒரு தபாலதிபர் இல்லை. காவல் வேண்டியதே, காவலர் நடுவுநிலை தவறாமையும் அதேயளவு வேண்டியது. பொய்யரைத் தடுக்க எழுப்பிய மதில், எளியோரின் குரலையும் தடுக்கும் மதிலாகிவிடுமோ என்பது இனி வரும் ஆண்டுகள் விடை கூற வேண்டிய கேள்வி.

ஆயினும் தனி ஒரு வணிகர் தம் கையில் வைத்திருக்கும் பொறுப்பு தெளிவானது. மெய்ப்பெயரைக் காட்டுக, கேட்டபின் எழுதுக, போ என்றால் மனங்கோணாமற் செல்க. முத்திரையின் விலை வேலியாய் நின்ற காலம் போய்விட்டது. இனி அவ்விடத்தில் நிற்கத்தக்க வேலி, எழுதுபவரின் நாணயமே.